உறுப்பினர் வரவில்லை

என் மனைவி இறந்த பிறகு நகர மன்றத்தில் அவளுடைய நாற்காலியை யாரும் அப்புறப்படுத்தவில்லை. நீள மேசையின் இடது பக்கம், ஜன்னலை ஒட்டிய இருக்கை. பெயர்ப்பலகையும் அப்படியே இருந்தது. கூட்டம் தொடங்கும்போது எழுத்தர் ஒவ்வொரு பெயராக வாசிப்பார். அவள் பெயர் வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் "வரவில்லை" என்று எழுதிக்கொள்வார். அடுத்த பெயருக்குப் போய்விடுவார். இதெல்லாம் எனக்கு நெடுநாள் தெரியாது.

எங்கள் மன்றம் சின்னது. கடைகளுக்கு உரிமம் கொடுப்பது, குப்பை அள்ளுவது, சொந்தமாக வைத்திருக்கும் இரண்டு பேருந்துகளை ஓட்டுவது, இவ்வளவுதான் அதன் வேலை. கீழ்த்தளத்தில் உரிமம் வழங்கும் ஜன்னல், பின்னால் குப்பை வண்டிகளைக் கழுவும் இடம், மாடியில் கூட்ட அறை. கூட்டம் நடக்கும் நேரத்தில்தான் கீழே வண்டிகளும் கழுவப்படும் என்பதால், மேலே எவ்வளவு பெரிய விஷயம் பேசினாலும் ஈரக்குப்பை வாடை கூடவே ஏறி வரும். அது நல்லதுதான், இல்லாவிட்டால் எங்களை நாங்களே பெரிய ஆட்கள் என்று நினைத்துக்கொள்வோம் என்பாள் என் மனைவி.

தலைவர் ஊரின் பல் டாக்டர். கிளினிக்கில் வாயைத் திற என்பார், மன்றத்தில் வாயை மூடு என்பார் என்று அவரைப் பற்றி ஒரு கேலி உண்டு. உண்மையில் இளகிய மனிதர். பல்லைப் பிடுங்கும்போது நமக்கு முன் அவர் கண்ணை மூடிக்கொள்வார். உறுப்பினர்களில் மூத்தவர் மரக்கடைக்காரர். யார் எதைச் சொன்னாலும் "ஆனாலும்" என்றுதான் ஆரம்பிப்பார். அதனால் 'ஆனாலும் ஐயா' என்றே பெயர் விழுந்துவிட்டது. அது அவருக்கும் தெரியும்.

தபால் அலுவலக வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு என் மனைவி மன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டாள். அவள் கடைசியாகக் கையில் எடுத்தது மேட்டுக் குடியிருப்புக்குப் பேருந்து விடும் விஷயம். ஊரைப் பெருக்குகிறவர்கள் அத்தனை பேரும் அந்த மேட்டில்தான் இருக்கிறார்கள். பேருந்தோ மன்றத்தின் பின்கொட்டகையிலிருந்து கிளம்பிச் சந்தைக்கு வந்து நேரே ரயிலடிக்குப் போய்விடும். நாம் எழுந்திருக்கும் முன் தெரு சுத்தமாக இருக்க வேண்டுமென்று அவர்கள் இருட்டிலேயே நடந்து இறங்கி வருவார்கள். வேலை முடிந்து வெயிலில் ஏறிப் போவார்கள். முதல் பேருந்து மேட்டுக்குப் போய் அவர்களை ஏற்றி வரட்டும், உச்சி நேரத்துப் பேருந்து கொண்டுபோய் விடட்டும் என்பதுதான் அவள் கேட்டது.

மன்றத்தில் பேசுவதற்கு முன் என்னிடம் பேசிப் பார்ப்பது அவள் வழக்கம். மத்தியானம் என் மருந்துக்கடையில் கூட்டம் இருக்காது. நான் மாத்திரை அட்டைகளைத் தேதி பார்த்து அடுக்கிக்கொண்டிருப்பேன். அவள் எதிரே ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்காருவாள்.

"நீங்கதான் ஆனாலும் ஐயா. எதிர்த்துப் பேசுங்க."

"ஆனாலும், மேடு செங்குத்தா இருக்கேம்மா. இன்ஜின் தாங்குமா?"

"குப்பை லாரி தினமும் ஏறுது. அதைவிட மனுஷங்க கனமா?"

நிஜ ஆனாலும் ஐயா உங்களைவிட நன்றாக எதிர்ப்பார் என்று குறைபட்டுக்கொள்வாள். பேருந்து விஷயத்தைக் கூட்டத்தில் பேச வேண்டிய பொருளாக எழுதி எழுத்தரிடம் கொடுத்தும் விட்டாள். கூட்டத்துக்கு முன்பே ஒரு காலையில், குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தவள் கட்டிலில் உட்கார்ந்தாள். எழுந்திருக்கவில்லை. கடை நிறைய மருந்து வைத்திருந்தேன்.

எங்கள் தெருவைப் பெருக்கும் பெண் என்னை அண்ணே என்பாள், என் மனைவியை அக்கா என்பாள். அந்தக் கணக்கில் நாம் இரண்டு பேரும் உடன்பிறப்புகள் ஆகிவிட்டோம், இனிச் சண்டை போட்டால் சொத்துச் சண்டைதான் என்று என் மனைவி சிரிப்பாள். மழைக்காலம் தொடங்கிய நாட்களில் ஒரு காலை, அந்தப் பெண் கடைப் படியில் துடைப்பத்தைச் சாய்த்துவிட்டு முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மேடு வழுக்குகிறது, போன வாரம் கூடவந்தவள் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள், இந்த மழையைத் தாண்ட முடியுமென்று தோன்றவில்லை, வேலையை விட்டுவிடலாம் என்று பார்க்கிறேன் என்றாள். விட்டால் வேறு என்ன வேலை என்று கேட்டேன். அக்கா கேட்ட பேருந்து வந்துவிடும், கொஞ்சம் பொறு என்றேன். மன்றத்தில் அது நடந்துகொண்டிருக்கும் என்றே நான் நம்பியிருந்தேன்.

அவள் துடைப்பத்தின் கட்டை இறுக்குவதுபோல் குனிந்துகொண்டாள்.

"அது வராதுண்ணே. கூட்டம் நடக்குற ரூமை நான்தானே கூட்டுறேன். ஒவ்வொரு தடவையும் அக்கா பொருளை எடுக்குறாங்க. உறுப்பினர் வரலைன்னு சொல்லி அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிடுறாங்க."

"எந்த உறுப்பினர் வரல?"

"அக்காதாண்ணே."

என் மனைவி போன பிறகு நான் சிரித்தது அன்றைக்குத்தான். அந்தப் பெண் பயந்துபோய் என்னைப் பார்த்தாள்.

எழுத்தரிடம் விசாரித்தபோது முழுசும் புரிந்தது. எங்கள் மன்றத்தில் ஒரு விதி இருக்கிறது. ஒரு பொருளை யார் கொண்டுவந்தாரோ அவர்தான் அதை எழுந்து நின்று பேச வேண்டும். அவர் வராவிட்டால் அது அடுத்த கூட்டத்துக்குக் காத்திருக்கும். இன்னொருவர் தொட முடியாது. ஒரு காலத்தில் தெருக்குழாய் ஒன்றை யார் கொண்டுவந்தது என்று இரண்டு உறுப்பினர்கள் குழாயடியிலேயே கட்டிப் புரண்டதால் வந்த விதி. கொண்டுவந்தவர் இறந்துபோனால் அவர் இடம் காலி என்று தலைவர் வாசிக்க வேண்டும். அத்தோடு அவருடைய பொருள் விழுந்துவிடும், வேறு யாராவது புதிதாகக் கொண்டுவரலாம். தலைவருக்கு அதை வாசிக்க மனம் வரவில்லை. மற்றவர்களும் வாசியுங்கள் என்று சொல்லவில்லை. தங்களுக்குத் தெரிந்த ஒரே மரியாதையாக அந்த நாற்காலியை விட்டுவைத்திருந்தார்கள். அந்த மரியாதையில் சிக்கிக்கொண்டு அவள் கேட்ட பேருந்து கொட்டகையை விட்டு நகரவில்லை. பேருந்து நேரங்களை வருஷத்துக்கு ஒரு முறைதான் திருத்துவார்கள். அடுத்த கூட்டம் அதற்கானது. தவறினால் இன்னொரு மழைக்காலம்.

பல் டாக்டரைப் பார்க்கக் கிளினிக்குக்குப் போனேன். உட்கார வேறு இடமில்லாததால் நோயாளி நாற்காலியில் சாய்ந்தபடியே பேச வேண்டியதாயிற்று. விளக்கு வேறு முகத்தில் அடித்தது. அவள் இடத்தைக் காலி என்று அறிவித்துவிடுங்கள் என்றேன். அவர் விளக்கை அணைத்தார்.

"ஒவ்வொரு கூட்டத்துக்கும் எழுதி எடுத்துக்கிட்டுத்தான் போறேன். அந்த நாற்காலியப் பாத்தா படிக்க வரமாட்டேங்குது."

"கொஞ்சம் வலிக்கும்னு எல்லார்கிட்டயும் சொல்றவர் நீங்க, டாக்டர்."

"அது அடுத்தவங்க பல்லு" என்றார் அவர். கையுறையைக் கழற்றிக்கொண்டே, "நீங்க வந்து கேட்டீங்கன்னு சொல்லிப் படிக்கிறேன். அப்பவாவது வாய் வரும்" என்றார்.

அப்படிச் சொல்லுங்கள் என்றேன். வெளியே வந்து செருப்பைத் தேடும்போதுதான் நான் என்ன கேட்டுவிட்டு வருகிறேன் என்பது உறைத்தது. வீட்டில் அவள் புடவைகளைக்கூட நான் இன்னும் யாருக்கும் எடுத்துக் கொடுத்திருக்கவில்லை.

அடுத்த சிக்கல், பொருளைப் புதிதாகக் கொண்டுவர ஆள் கிடைக்காதது. எல்லாரும் நல்லவர்கள். அம்மாவுடைய பொருளை நான் எப்படி எடுப்பது, ஊர் என்ன சொல்லும் என்று ஒருவர்மேல் ஒருவர் கை காட்டினார்கள். அவளை மதிக்காத ஒரே ஒரு ஆள் மன்றத்தில் இருந்திருந்தால் காரியம் நடந்திருக்கும் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

கூட்டத்துக்கு முந்தின நாள் மத்தியானம் ஆனாலும் ஐயா கடைக்கு வந்தார். சட்டையில் மரத்தூள். கடையில் இருந்தவர்கள் போகும்வரை எடை பார்க்கும் இயந்திரத்தின் பக்கத்திலேயே நின்றார்.

"தம்பி, மேட்டு பஸ்ஸை நான் கொண்டு வரலாம்னு இருக்கேன்."

"நீங்க அதை எதிர்க்கிறவராச்சே ஐயா."

"இப்பவும் எதிர்க்கிறேன். ஆனாலும், எதிர்க்கிறதுக்கும் அது மேசைக்கு வரணும் இல்லையா? மாசாமாசம் தயார் பண்ணிக்கிட்டுப் போறேன். எதிர்ல நாற்காலிதான் இருக்கு. நாற்காலிகிட்ட என்ன பேச?"

ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். அவர் ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க, அவள் இதற்கு என்ன சொல்லியிருப்பாள் என்று நான் சொல்லிக்கொண்டு வந்தேன். இன்ஜின் தாங்காது என்றார். குப்பை லாரியைச் சொன்னேன். ஓட்டுநர் சீக்கிரம் எழ வேண்டுமே என்றார்; அவரும் மேட்டில்தான் குடியிருக்கிறார் என்றேன். அதைக் கேட்டு அவர் தலையில் தட்டிக்கொண்டார். கடைசியாக, குடியிருப்பின் உச்சியில் வண்டியைத் திருப்ப இடமில்லையே, பின்னாலேயே இறங்கி வரச் சொல்லுவாரா அந்தம்மா என்று கேட்டார்.

யோசித்துப் பார்த்தேன். எத்தனையோ மத்தியானங்கள் நாங்கள் பேசியதில் இது மட்டும் வரவே இல்லை. ஏதாவது ஒரு பதிலை அவள் குரலில் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. முடியவில்லை.

"அதை அவ யோசிக்கலைங்க ஐயா."

ஜெயித்துவிட்டதாக அவர் காட்டிக்கொள்ளவில்லை. சட்டையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "நல்ல மனுஷி. உயரத்தையே பாத்துட்டாங்க, அகலத்தை விட்டுட்டாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் அவருடைய மர லாரி மேட்டில் ஏறி இறங்கியதாகவும், அவரே முன்னால் உட்கார்ந்து கையை நீட்டி வழி சொன்னதாகவும் பிறகு கேள்விப்பட்டேன்.

கூட்டத்தன்று பொதுமக்கள் பெஞ்சில் நான் ஒருவன்தான். கீழே வண்டி கழுவும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. தலைவர் எழுந்து, குடும்பத்தார் கேட்டுக்கொண்டபடி என்று ஆரம்பித்தார். அவள் பெயரைச் சொல்லி, இடம் காலி என்று வாசித்து முடித்து, தண்ணீர் குடித்தார். எண்ணிக்கை மாறியதால் எழுத்தர் வருகையை மறுபடி முதலிலிருந்து வாசிக்க வேண்டியிருந்தது. அவளுக்கு முந்தைய பெயர் வந்தது. பிறகு அவளுக்கு அடுத்த பெயர் வந்தது. நடுவில் மூச்சுவிடும் நேரம்கூட இல்லை. கடைநிலை ஊழியர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார். இரண்டு பக்கத்தில் இருந்தவர்களும் தங்கள் நாற்காலிகளைத் தரையில் தேய்த்து நெருக்கிப் போட்டுக்கொண்டார்கள். ஜன்னல் இப்போது வேறு ஒருவருடையது.

ஆனாலும் ஐயா எழுந்து பொருளைக் கொண்டுவந்தார். காரணங்களைச் சொன்னார், நன்றாகவே சொன்னார். பாதியில் பழக்க தோஷத்தில் "ஆனாலும்" என்று ஆரம்பித்துத் தன்னையே எதிர்க்கத் தொடங்கிவிட்டார். ஒரு பக்கம் இன்ஜின் தாங்காது என்றார், மறுபக்கம் திரும்பி லாரி தாங்குகிறதே என்றார். எல்லாரும் சிரித்தார்கள். வெகுநாளைக்குப் பிறகு அந்த அறையில் சிரிப்புக் கேட்டிருக்கும் என்று நினைக்கிறேன். உச்சி வரைக்கும் பேருந்து போகாது, தண்ணீர்த்தொட்டி வரைக்கும்தான், அங்கேதான் திருப்ப அகலம் இருக்கிறது என்று முடித்தார். கைகள் உயர்ந்தன. மழைக்காலத்துக்குள்ளேயே ஓடும் என்று தீர்மானமாயிற்று.

எழுத்தர் கொண்டுவந்தவர் என்ற இடத்தில் ஆனாலும் ஐயாவின் பெயரை எழுதப் போனார்.

"அந்தம்மா பேரையும் சேத்துப் போடுங்க" என்றார் ஐயா.

"உறுப்பினரா இருக்கறவங்க பேரைத்தாங்க போட முடியும்" என்று எழுத்தர் தயங்கினார். தலைவர் என்னைப் பார்த்தார். எல்லாருமே திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் தலையசைத்தால் விதியைக் கொஞ்சம் வளைத்திருப்பார்கள். மனசு அதைக் கேட்டது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் விதியை அவளுக்காக வளைத்து வைத்திருந்ததால்தானே இத்தனை மாதம் மேட்டில் நடந்துகொண்டிருந்தார்கள்.

"வேண்டாங்க. உள்ளபடி எழுதுங்க" என்றேன்.

பேருந்து ஓடத் தொடங்கியது. மேட்டு ஜனங்கள் அதற்கு மரக்கடை பஸ் என்று பெயர் வைத்துவிட்டார்கள். மரக்கடை பஸ் வந்தாச்சா, மரக்கடை பஸ் போயிடுச்சா என்று கடை வாசலில் நின்றே கேட்டுக்கொள்கிறார்கள். முதலில் கேட்டபோது சுருக்கென்றது. போய்ச் சொல்ல வீட்டில் ஆள் இருந்திருந்தால் அவள் வயிறு வலிக்கச் சிரித்திருப்பாள் என்றும் தோன்றியது.

நேற்றுக் காலை நல்ல மழை. பெருக்கும் பெண் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு வந்து படியில் ஏறினாள். புடவைக் கரையில் சேறு இல்லை. வந்ததும் வராததுமாக ஆரம்பித்தாள்.

"என்ன பஸ்ஸுண்ணே இது. சொன்ன நேரத்துக்கு வர்றதே இல்ல. ஜன்னல் ஒண்ணு மூடமாட்டேங்குது, ஒரு பக்கம் பூரா நனைஞ்சு போச்சு. தொட்டியோட நிறுத்திடுறான், உச்சியில இருக்கறவங்க மனுஷங்க இல்லையா? யாருகிட்ட போய்க் கேக்கறது?"

ஆனாலும் ஐயாவிடம் கேள் என்றேன்.

"கேக்காம விடுவேனா?" என்று சொல்லிவிட்டு, மழை விட்டதும் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு இறங்கினாள். வேலையை விடுவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தெருமுனை திரும்பும்வரை அவள் பேருந்தைத் திட்டிக்கொண்டே போவது எனக்குக் கேட்டது.