நானாய் செலிங்கின் கால் கட்டைவிரல்

ஜெர்வின் லுமபாஸுக்கு மீசைகூட இன்னும் ஒழுங்காக அரும்பவில்லை. அதற்குள் ஊர் அவனை எல்டர், அதாவது மூப்பர், என்று கூப்பிட ஆரம்பித்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. மார்மன் சபையில் ஊழியத்துக்குப் போகிற பையன்களுக்கு அதுதான் பட்டம். வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் கறுப்புப் பெயர்ப்பட்டை, கையில் ஒரு குடை. சாமார் தீவின் அந்தக் கடலோர ஊரில் மூப்பர்கள் நடந்து வந்தால், முன்பெல்லாம் குரைத்துத் தீர்த்த நாய்கள் இப்போது தலையைத் தூக்கி ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்ளும்.

எங்கே போனாலும் இரண்டு பேராகத்தான் போக வேண்டும் என்பது விதி. லுமபாஸுக்கு வாய்த்த ஜோடி எல்டர் ஹோல்ட். அமெரிக்காவில் ஐடஹோ பக்கம் உருளைக்கிழங்கு போடுகிற குடும்பத்துப் பிள்ளை. அவன் தலை இடிக்காத வாசல் அந்த ஊரில் இல்லை. நெற்றியில் எப்போதும் ஒரு வீக்கம் இருக்கும், முகத்தில் எப்போதும் ஒரு சிரிப்பு இருக்கும். சந்தேகம் என்கிற ஒன்று அவன் வீட்டுப் பக்கம் வந்ததே இல்லை. வந்திருந்தாலும் உருளைக்கிழங்குத் தோட்டத்தைத் தாண்டுவதற்குள் வழி தவறிப் போயிருக்கும்.

லுமபாஸ் கதை வேறு. மாதத்தின் முதல் ஞாயிறு சபையார் எல்லோரும் இரண்டு வேளை பட்டினி கிடந்துவிட்டு, ஒவ்வொருவராக மைக் முன்னால் போய், "இது சத்தியம்னு எனக்குத் தெரியும்" என்று சாட்சி சொல்வார்கள். முன்பல் விழுந்த குழந்தைகூடக் காற்று விட்டுக்கொண்டே சொல்லும். லுமபாஸ் போனால், போன வாரம் சோறு போட்ட குடும்பத்துக்கு நன்றி சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்துவிடுவான். 'தெரியும்' என்ற சொல்லை மட்டும் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. சொந்த ஊரான டாவோவில் அவன் அம்மா தெரு முழுக்கச் சொல்லி, ஆனந்தமாக அழுது அனுப்பிவைத்தாள். அவளுக்காகக் கிளம்பினான். போகிற இடத்தில் நம்பிக்கை தானாக வந்துவிடும் என்று நினைத்தான். கொசுக்கடி வந்தது, படர்தாமரை வந்தது, அது மட்டும் வரவில்லை.

கடைசியில் ஒரு நாள் ஊழியத் தலைவருக்குப் போன் போட்டு, செவ்வாய்க்கிழமை உங்களைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டான். வீட்டுக்குத் திரும்புகிறேன் என்று சொல்வதற்குத்தான். ஹோல்டிடம்கூட மூச்சு விடவில்லை.

அடுத்த நாளே நானாய் செலிங் குறுக்கே வந்தாள்.

பேருந்து நிற்கிற இடத்தில் சோற்றுக்கடை வைத்திருந்த விதவை அவள். நானாய் என்றால் அம்மா; ஊருக்கே அவள் அம்மாதான், ஊரையே திட்டுகிறவளும் அவள்தான். புயலில் அவள் கடைக்கூரை பறந்தபோது இந்த இரண்டு பையன்களும் டையைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு தகரம் அடித்துக் கொடுத்தார்கள். ஹோல்டுக்கு ஏணியே தேவைப்படவில்லை. அதிலிருந்து அவர்கள் பாடம் சொல்ல வந்தால் உட்காரவைத்துக் கேட்பாள். சபை விதிப்படி அவர்களுக்குக் காப்பி ஆகாது என்பதால் அரிசியைக் கருக வறுத்துக் கஷாயம் போட்டுக் கொடுப்பாள்.

அப்படி ஒரு நாள் கேட்டாள். "எல்லாம் சரி. இதெல்லாம் நெசம்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் நானாய்," என்றான் ஹோல்ட், கேள்வி முடிவதற்குள்.

அவள் லுமபாஸைப் பார்த்தாள். "நீ?"

"தெரியாது நானாய்," என்றான் அவன். "ஜெபத்துல தினமும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

மேஜைக்கு அடியில் ஹோல்ட் அவன் காலை உதைத்தான். கால் நீளம் அல்லவா, உதை நானாய் மேல்தான் பட்டது. அவள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சரி, நானே கேட்டுப் பாக்குறேன்" என்று எழுந்து போனாள்.

கேட்டிருக்கிறாள், பதில் கிடைத்தும் இருக்கிறது. என்ன கேட்டாள், எப்படிக் கிடைத்தது என்று யாரிடமும் சொல்லவில்லை. லுமபாஸ் தலைவருக்குப் போன் போட்ட மறுநாள், வியாழக்கிழமை, குழம்பைக் கிண்டிக்கொண்டே சொன்னாள்: "சனிக்கிழமை எனக்கு ஞானஸ்நானம். சபைப் பெரியவங்ககிட்ட பேசியாச்சு. நீதான் முக்கணும்."

லுமபாஸ் வெளியே எட்டிப் பார்த்தான். ஹோல்ட் வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்த நேரம். குரலைத் தாழ்த்தி, "ஹோல்ட் பண்ணட்டும் நானாய்" என்றான்.

"அந்தத் தென்னமரமா? அவ்வளவு ஒசரத்துல இருந்து சாய்ச்சான்னா நான் மறுபடி மேல வந்து சேர ராத்திரி ஆயிடும்."

"நான் ஊருக்குப் போறேன் நானாய். செவ்வாய்க்கிழமை தலைவர்கிட்ட சொல்லப் போறேன். தெரியாதவன் கையால நீங்க முங்கக்கூடாது."

அவள் கரண்டியைச் சட்டி விளிம்பில் தட்டினாள். "செவ்வாய்க்கிழமைதான போற? சனிக்கிழமை உனக்கு என்ன வேல?"

சனிக்கிழமை அவனுக்கு ஒரு வேலையும் இல்லை.

சபைக் கட்டடத்தில் ஞானஸ்நானத் தொட்டி உண்டு. ஆனால் ஊரில் தண்ணீர் இறைக்கிற மோட்டார் எரிந்துபோய்க் குழாயிலெல்லாம் காற்றுதான் வந்துகொண்டிருந்தது. அதனால் கடல் என்று முடிவாயிற்று. ஊழியத்தில் இருக்கிற வரைக்கும் மூப்பர்கள் நீந்தக் கூடாது. டாவோக் கடலில் பிறந்து வளர்ந்த பையன், தினமும் அலைச் சத்தம் கேட்டுக்கொண்டே ஷூவோடு கரையோரம் நடந்தவன், ஊழியத்துக்கு வந்த பிறகு அந்தச் சனிக்கிழமைதான் முதல் தடவையாக இடுப்பளவு நீரில் இறங்கினான். ஒரு கணம் அவன் முகம் ஐந்து வயசுப் பிள்ளை முகம் மாதிரி ஆயிற்று.

நானாய் வெள்ளை அங்கியில் வந்தாள். விசேஷ நாள் என்று கால் நகத்துக்குச் சிவப்புச் சாயம் வேறு. சாட்சிக்கு இரண்டு பேர் நின்றார்கள்: ஒரு பக்கம் ஹோல்ட், மறுபக்கம் சகோதரர் துரிங், படகுத்துறையில் பயணச்சீட்டு சோதித்து ஓய்வு பெற்றவர். சாட்சிகளின் வேலை ஒன்றுதான். சொல்ல வேண்டிய ஜெபம் சொல் பிசகாமல் வந்ததா, ஆள் முழுசாக மூழ்கினாரா என்று பார்ப்பது. தலைமுடியோ, உடுப்பின் நுனியோ, ஏதாவது கொஞ்சம் வெளியே தெரிந்தாலும் செல்லாது, மறுபடி முதலிலிருந்து.

முதல் தடவை லுமபாஸ் பதற்றத்தில் பெயரைக் கோட்டைவிட்டான். அவளை மூழ்கடித்து எடுத்த பிறகு துரிங் தொண்டையைக் கனைத்தார்.

"தம்பி, செலிங்னு சொன்னா சோத்துக்கடைக்கு வழி சொல்லுவாங்க. பதிவாகணும்னா மார்செலினா பகுனாஸ்னு சொல்லணும்."

இரண்டாவது தடவை பெயர் சரி, ஜெபம் சரி. ஆனால் உப்புத் தண்ணீர் ஆளை மிதக்க வைக்கும் இல்லையா. தலை உள்ளே போன வேகத்தில் கால் கட்டைவிரல் சிவப்பு நகத்தோடு மேலே எட்டிப் பார்த்தது. கரையில் நின்ற குழந்தைகள் கைகாட்டிச் சிரித்தார்கள்.

"வெரல்," என்றார் துரிங்.

"அது எம்பேச்சக் கேட்டு நாளாச்சு," என்றாள் நானாய், மூக்கைச் சிந்திக்கொண்டே.

மூன்றாவது தடவை சரியாக அந்த நேரம் பார்த்து ஓர் அலை வந்து எல்லோர் முகத்திலும் அறைந்தது. நானாய் எழுந்து நின்றாள். கரையில் கைதட்டிவிட்டார்கள். விருந்துக்குச் செய்துவைத்த நூடுல்ஸ் அங்கே ஆறிக்கொண்டிருந்தது. துரிங் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் பாத்தவரைக்கும் வெளிய ஒண்ணும் தெரியல" என்றார். ஹோல்ட், "நான் கண்ண மூடிட்டேன். ஆனா முங்கிட்டாங்கன்னுதான் நெனைக்கிறேன்" என்றான்.

"அப்ப முடிஞ்சுது," என்றாள் நானாய்.

லுமபாஸ் மட்டும் பார்த்திருந்தான். அலைக்கு நடுவே, கடுகளவு சிவப்பு. அவன் வாயைத் திறக்காவிட்டால் இந்த உலகத்தில் யாருக்கும் தெரியப்போவதில்லை. செவ்வாய்க்கிழமை அவனே இங்கே இருக்கப்போவதில்லை.

"முடியல," என்றான். "வெரல் வெளிய நின்னுச்சு. இன்னொரு தடவ."

நானாய் இடுப்பில் கை வைத்து, அலையில் ஆடிக்கொண்டே அவனைப் பார்த்தாள். "ஏம்ப்பா, ஒண்ணுமே தெரியாதுன்னு செவ்வாய்க்கிழமை மூட்டையக் கட்டுறவனுக்கு என் கட்டவெரல் மேல என்ன இவ்வளவு அக்கற?"

"செவ்வாய்க்கிழமையா?" என்றான் ஹோல்ட். "செவ்வாய்க்கிழமை என்ன?"

"அப்புறம் சொல்றேன்," என்றான் லுமபாஸ்.   அவள் நகம் ஒன்றுகூட வெளியே நின்றுவிடக் கூடாது என்பதுதான் அவன் மனசில் ஓடிக்கொண்டிருந்தது. எல்லாம் வெறும் தண்ணீர்தான் என்றால், ஒரு நகம் நனைந்தால் என்ன, நனையாவிட்டால் என்ன? பார்க்கிறவர் யாரும் இல்லையென்றால் யாருக்குப் பயந்து இந்தப் பதற்றம்? அலை வந்து வந்து இடுப்பில் மோதியது. 

"குளுருதுப்பா," என்றாள் நானாய், இந்தத் தடவை மெதுவாக.

அவன் தன் பாதத்தைத் தண்ணீருக்கடியில் நகர்த்தி அவள் கால்விரல்கள் மேல் வைத்து அழுத்திக்கொண்டான். கையை உயர்த்தினான். மார்செலினா பகுனாஸ் என்று கரை வரைக்கும் கேட்கச் சொன்னான். ஜெபத்தை நிறுத்தி நிறுத்திச் சொன்னான், ஒவ்வொரு சொல்லையும் அன்றுதான் கேட்கிறவன் போல. சாய்த்தான். கடல் அவளை மொத்தமாக மூடியது. அங்கியின் நுனி, நரைமுடி, சிவப்பு நகம், எதுவும் வெளியே இல்லை.

மேலே வந்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை, "காலை நசுக்கிட்டான்."

இரண்டு சாட்சிகளும் தலையாட்டினார்கள். அப்புறம் அவள் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். அவனும்தான். முகத்தில் உப்புத் தண்ணீர் நிறைய இருந்தது, யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

மறுநாள் மாதத்தின் முதல் ஞாயிறு. "அவ்வளவு கடல் தண்ணியக் குடிக்கவச்சிட்டு இன்னைக்குப் பட்டினியும் போடுறாங்க" என்று நானாய் பக்கத்தில் இருந்தவளிடம் முறையிட்டுக்கொண்டிருந்தாள். லுமபாஸ் எழுந்து மைக் முன்னால் போனான்.

"தெரியும்னு இன்னைக்கும் என்னால சொல்ல முடியாது," என்றான். "நேத்து ஒரு வெரல் வெளிய நின்னுச்சு. என்னால விட முடியல. ஏன் விட முடியலன்னு ராத்திரியெல்லாம் யோசிச்சேன். எனக்கும் கொஞ்சம் நம்பிக்கை இருக்கு போல. இப்போதைக்கு அவ்வளவுதான்."

நன்றி சொல்லக்கூட மறந்துவிட்டு இறங்கினான். நானாய் பெஞ்சிலிருந்து தன் வலது காலைச் செருப்போடு லேசாகத் தூக்கிக் காட்டினாள்.

ஹோல்ட் நகர்ந்து இடம் விட்டான். பாட்டு தொடங்கும்வரை பொறுத்திருந்து, காதோரம் குனிந்தான். "செவ்வாய்க்கிழமை என்ன?"

"தலைவருக்குப் போன் பண்ணி வரலன்னு சொல்லணும். நானாய் கடைக்குக் கூரை போடுற வேல இருக்கு."

"அதத்தான் அன்னைக்கே போட்டுட்டோமே."

"நீ ஏணி இல்லாம அடிச்சதுதான? கழட்டிட்டு ஒழுங்காப் போடுவோம்."

 ஹோல்ட் நெற்றி வீக்கத்தைத் தடவிக்கொண்டே பாட்டில் சேர்ந்துகொண்டான்.