மூன்று சொல்லுக்கு ஒரு ஹெட்போன்

மரகதத்தின் குரலில் இன்னும் மூன்று சொற்கள்தான் மீதி இருந்தன. ஆகவே நல்ல ஹெட்போன் ஒன்று வாங்கக் கிளம்பினேன்.

முதலில் பன்னிரண்டு இருந்தன. போன வருடம் ஐப்பசியில், சாவதற்கு நான்கு நாள் முன்பு, என் மனைவி வாட்ஸப்பில் அனுப்பிய குரல் செய்தி அது. ‘ஏங்க, கொத்தமல்லி வாங்கிட்டு வாங்க. பழுத்தத எடுத்துடாதீங்க. குடைய வண்டியிலயே வச்சுட்டு எறங்கிடாதீங்க. சீக்கிரம் வாங்க.’ அவ்வளவுதான். முப்பத்தொரு வருடக் குடித்தனத்தில் என் கையில் நின்றது இதுதான்.

தினமும் மாலை, வேலை முடிந்து மின்சார ரயிலில் திரும்பும்போது அதைக் கேட்பேன். ரயிலிலேயே வாங்கிய இயர்போன். அது கசியும். கசிந்த சொல் யார் காதில் விழுகிறதோ அவருக்குப் போய்விடும். போனில் அந்த இடம் வெற்றாகிவிடும். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். ரயில் பெட்டியிலேயே பலகை மாட்டியிருக்கிறார்கள்.

வீட்டில் உட்கார்ந்து கேட்கலாமே என்பீர்கள். வீட்டில் அவள் ‘சீக்கிரம் வாங்க’ என்றால் எங்கே போவது? ஏற்கெனவே வந்துவிட்டேனே.

கொத்தமல்லி வாக்கியம் டிக்கெட் பரிசோதகருக்குப் போயிற்று. இப்போது அவர் அதைச் சொல்லிவிட்டுத்தான் டிக்கெட் கேட்கிறார். ‘பழுத்தத எடுத்துடாதீங்க’ சட்டம் படிக்கும் ஒரு பெண்ணுக்குப் போயிற்று. குடை வாக்கியம் முழுவதும் வரதனுக்கு. பன்னிரண்டு வருடமாக என் எதிர் சீட்டில் உட்காருகிறவர். பெரிய மீசை. திருநின்றவூர் வந்து நான் எழுந்ததும், மரகதத்தின் குரலில், ‘குடைய வண்டியிலயே வச்சுட்டு எறங்கிடாதீங்க’ என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் பெண்டாட்டி குரலில் பேச இந்த மனுஷன் யார்? குடையை எடுத்துக்கொண்டு விருட்டென்று இறங்கிவிடுவேன்.

சனிக்கிழமை மத்தியானம் எலக்ட்ரானிக்ஸ் பஜாருக்குப் போனேன். வாசலில் காவலாளி நிறுத்தினார்.

‘என்ன பட்ஜெட்?’

‘ஆயிரத்து எண்ணூறு.’

‘அடக் கடவுளே. நேரா போங்க.’

அந்த நடைபாதையில் விலை குறையக் குறையக் கடை தள்ளிப் போகும். முப்பதாயிரத்துக்காரர்கள் வாசலிலேயே வாங்கிக்கொண்டு ஆட்டோ ஏறினார்கள். நான் நடந்தேன். பத்தாயிரம் தாண்டியதும் கால் வலித்தது. நாலாயிரத்தில் ஒரு டீக்கடை இருந்தது. இரண்டாயிரத்து ஐந்நூறில் மின்விசிறிகள் நின்றுபோயின. இரண்டாயிரத்தில் ஒருவர் சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார்.

‘ரொம்ப தூரமா?’ என்று கேட்டேன்.

‘இன்னும் இருநூறு ரூபா,’ என்றார். ‘நான் இங்கயே இருந்துடறேன். நீங்க போங்க.’

கடைக்காரர் பெயர் காதர். என்னைப் பார்த்ததும் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

‘காதுக் கிண்ணம் பின்பக்கம் தொறந்ததா, மூடினதா?’

‘மூடினது. பையில மடிச்சு வைக்கணும். போன் சத்தமே போதுமா இருக்கணும். தலைய அமுக்கக் கூடாது. காது வேர்க்கக் கூடாது. முக்கியமா, ஒரு சொல் வெளிய போகக் கூடாது.’

‘அஞ்சு கேக்கறீங்க. உங்க பட்ஜெட்டுக்கு மூணு கிடைக்கும்.’

யோசித்தேன். ‘சரி. அமுங்கட்டும். வேர்க்கட்டும்.’

‘எத்தன சொல்லு வச்சிருக்கீங்க?’

‘மூணு.’

‘மூணுக்கா? சுண்டக்கா கால் பணம், சொமக்கூலி முக்கால் பணம்.’ சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். ‘தப்பா எடுத்துக்காதீங்க சார். இந்த ஃபாரத்த நிரப்புங்க.’

படிவத்தில் ஒரே ஒரு கேள்வி. குரலுக்குரியவர் உங்களை எந்தப் பெயரால் அழைத்தார்?

என் பெயர் வேதநாயகம். மரகதம் அதை ஒருமுறைகூடச் சொன்னதில்லை. எங்கள் பக்கத்தில் புருஷன் பெயரைப் பெண்கள் வாயால் சொல்ல மாட்டார்கள். ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது கணவர் பெயர் கேட்டதற்குக்கூட, மூச்சு வாங்கிக்கொண்டே, என் பக்கம் கையைக் காட்டினாள். படிவத்தில் ‘ஏங்க’ என்று எழுதினேன்.

காதர் படித்துவிட்டு டோக்கன் கிழித்தார். ‘இன்னிக்கு நீங்க பதினேழாவது ஏங்க.’

உள்ளே ஒரு மேஜை. மேஜைக்கு எதிரே, ஒரு முழம் தள்ளி, ஸ்டெல்லா அக்கா உட்கார்ந்திருந்தார். ஒட்டுக்கேட்பது அவருக்குச் சம்பள வேலை. ஹெட்போனில் எது கசிந்தாலும் சொல்லிவிடுவார்.

‘கடைப் பாட்டு எதையாவது போட்டுப் பாருங்களேன்,’ என்றேன்.

‘கடைப் பாட்ட போட்டா கடைக்குத்தான் பொருந்தும். உங்களுதத்தான் போடணும்,’ என்றார் காதர்.

முதலில் சிவப்பு நிறத்தில் ஒன்றைக் கொடுத்தார். பூப்போல இருந்தது. மடிந்தது. மாட்டிக்கொண்டு போனைத் தட்டினேன்.

‘சீக்கிரம்,’ என்றார் ஸ்டெல்லா அக்கா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மரகதமேதான். அவசரமும் லேசான சலிப்பும் கலந்த அதே சீக்கிரம்.

‘அது என்னுது,’ என்றேன்.

‘இனிமே என்னுது சார். நான் என்ன பண்றது?’ கண்ணைத் துடைத்துக்கொண்டார். ‘ரொம்பப் பாசமான சீக்கிரம் சார் இது. எங்க வீட்ல யாரும் இப்படிச் சொன்னதில்ல.’

மீதி இரண்டு. அடுத்து காதர் ஒரு கறுப்பு ஹெட்போனைக் கொண்டுவந்தார். கனம். கன்னத்தைப் பாக்குவெட்டி மாதிரி நெரித்தது. காது உடனே வேர்த்தது. கதவைச் சாத்தினாற்போல் பஜார் நின்றது. பிறகு, மூளைக்குப் பக்கத்தில், ‘ஏங்க.’ கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. ‘வாங்க.’

அழுதேன். சத்தமாகவே அழுதேன். ஸ்டெல்லா அக்கா காதைக் கூர்மையாக்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். ஒன்றும் கசியவில்லை, என் அழுகைகூட. அவர் என்னைத் தாண்டிச் சுவரைப் பார்த்தார். காதரும் என்னைத் தாண்டிக் கதவைப் பார்த்து அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார். பதினெட்டாவது ஏங்க வந்து என் மடியில் உட்கார்ந்தார். நல்ல கனமான மனிதர். அவரை நகர்த்திவிட்டு எழுந்தேன். பணத்தை மேஜைமேல் வைத்தேன். அது எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை மாலை ரயிலில் அதை மாட்டிக்கொண்டேன். சொற்கள் பத்திரமாக இருந்தன. டிக்கெட் பரிசோதகர் என்னைக் கடந்து போனார். ஒரு அம்மாள் என் தலைமேல் கூடையை வைத்துவிட்டு நின்றாள். வரதன் எதிரே உட்கார்ந்து என் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கடிகாரத்தைப் பார்த்தார். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். நான் வண்டியைத் தவறவிட்டுவிட்டேன் என்று நினைத்தார் போல. ‘இங்கதான் இருக்கேன்’ என்றேன். அது வெளியே போகவில்லை.

திருநின்றவூரில் கூடையை இறக்கிவைத்துவிட்டு இறங்கினேன். தூறல். கை தானாகக் குடையைத் தேடியது. குடை இல்லை.

ஹெட்போனைக் கழற்றினேன். வண்டி நகர்ந்துகொண்டிருந்தது. ஜன்னல் கம்பிக்குள் வரதன். கையில் என் குடை. அப்போதுதான் அவர் கண்ணுக்கு நான் தென்பட்டேன். ‘குடைய வண்டியிலயே வச்சுட்டு எறங்கிடாதீங்க! குடைய வண்டியிலயே வச்சுட்டு...’ என்று கத்தினார். மரகதம் உயிரோடு இருந்தவரை கத்தியதே இல்லை. இப்போது ஆவடிக்கும் அரக்கோணத்துக்கும் கேட்கிற மாதிரி கத்திக்கொண்டே போனாள். வளைவு வரை கேட்டது.

மழையில் நின்றேன். எனக்கு வெட்கமாக இருந்தது. வரதனிடம் போன சொற்கள் ஒரு வருடமாக என் குடையைப் பார்த்துக்கொண்டன. நான் பூட்டி வைத்த இரண்டும் எனக்கு என்ன செய்தன? நான் தட்டினால் பேசின. தட்டாவிட்டால் சும்மா கிடந்தன. என்னை யாரும் தானாகக் கூப்பிட்டு எத்தனை நாளாயிற்று என்று எண்ணிப் பார்த்தேன். எண்ண முடியவில்லை.

ஹெட்போன் ஒயரைப் பிடுங்கினேன். போனின் சத்தத்தை முழுதாக ஏற்றினேன். தலைக்குமேல் தூக்கிப் பிடித்துத் தட்டினேன்.

‘ஏங்க.’

பிளாட்பாரத்தில் இருந்த ஆம்பிளைகள் அத்தனை பேரும் திரும்பினார்கள்.

‘வாங்க.’

அவ்வளவுதான். போய்விட்டன. யார் காதுக்கு என்று பார்க்க முடியவில்லை. கூட்டம் படி ஏறிக்கொண்டிருந்தது. மறுபடி தட்டினேன். எட்டு விநாடி வெறும் காற்று.

அன்றைக்கு நனைந்துகொண்டே வீட்டுக்குப் போனேன். கொத்தமல்லி வாங்கினேன். நல்ல பச்சை.

மறுநாள் காலை அதே ஸ்டேஷன். அதே கூட்டம். ஹெட்போன் மடித்துப் பைக்குள் கிடந்தது. வண்டி வந்து நின்றது. எங்கோ முன்னால், ஏதோ ஒரு பெட்டி வாசலிலிருந்து குரல் வந்தது.

‘ஏங்க.’

நாற்பது பேர் திரும்பினோம். சிலர் இளைஞர்கள். பலர் என் வயதுக்காரர்கள். இரண்டாயிரத்தில் சட்டையைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவரும் அதில் இருந்தார்.

‘வாங்க.’

எங்களில் யாரை என்று தெரியவில்லை. எல்லோரும் போனோம்.