வைப்பருக்கு அடியில் ஆறு பொட்டலம்

ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவனுக்குக் கௌரவம், ரிப்பேர் பார்ப்பவனுக்கு இடுப்புவலி. காருக்கு அடியில் ஜாக்கி கூட நுழையாது. முதலில் பலகை போட்டு அதன்மேல் சக்கரத்தை ஏற்ற வேண்டும், பிறகு ஜாக்கி, பிறகு ஸ்டாண்டு, அதற்குப் பிறகுதான் ஐம்பத்திரண்டு வயது ஜோஷ்வா, அதாவது நான், மல்லாக்கப் படுத்து உள்ளே போக வேண்டும். சங்கரன்கோவிலில் திருவேங்கடம் ரோட்டில் என் ஒர்க்‌ஷாப். டிராக்டரும் லோடு ஆட்டோவும் பார்த்துப் பிழைத்துக்கொண்டிருந்தேன். எலெக்ட்ரிக்கல் என்றால் ஜோஷ்வாதான் என்று எவனோ பெயரைக் கிளப்பிவிட, இந்தச் சனியனும் வந்து சேர்ந்தது.

மார்கழி மாதம் ஒரு திங்கட்கிழமை காலையில் லாரியில் ஏற்றி வந்து இறக்கினார்கள். சிவப்பு நிறம், ரெண்டே சீட்டு. வத்தல் மண்டி லிங்கேஷின் கார். அவனுக்கு இருபத்தெட்டு வயது. அப்பா இறந்தபின் மண்டியை அவன்தான் பார்க்கிறான்.

"ஓடுனா ஓடுது, இல்லன்னா ஊமையா நிக்கு அண்ணாச்சி. வைப்பர் தானா ஆடுது. பூட்டி வச்சா ஹார்ன் அடிக்கு. புது பேட்டரி போட்டேன், விடிஞ்சு பாத்தா அதுவும் செத்துக் கெடக்கு" என்றான். "காரணம் எனக்குத் தெரியும். எங்க டிரைவர் கார் கழுவும்போது பானெட்டுக்குள்ள பம்ப வச்சு தண்ணி அடிச்சிருக்காரு. அவர வேலைய விட்டு நிப்பாட்டிட்டேன்."

டிரைவர் என்றால் கோமதிநாயகம். இருபத்திரண்டு வருஷமாக அந்த வீட்டில் வேலை பார்க்கிறவர். லிங்கேஷை ஒன்றாம் வகுப்புக்குக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனவர். வீட்டின் பெரிய காரை ஓட்டுவார். இந்தச் சிவப்புக் காரைத் துடைப்பதோடு சரி, அதில் ஏறி உட்கார்ந்ததே இல்லை.

"அவர் என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. தலையக் குனிஞ்சுட்டு சாவிய வச்சுட்டுப் போயிட்டாரு. தப்பு இல்லன்னா வாயத் திறந்திருப்பாருல்லா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ஏலே, நீயே டாக்டரு, நீயே ஜட்ஜா? அப்புறம் எங்கிட்ட எதுக்குக் கொண்டாந்த?"

"சரி, நீங்க பாத்துச் சொல்லுங்க. அவர் மேல தப்பு இல்லன்னு நீங்க சொன்னா திரும்பக் கூப்பிட்டுக்கிடுதேன்."

இப்படி ஒரு மனுஷனின் சோற்றை என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டான்.

ஸ்கேனரை மாட்டினேன். இருபத்தேழு கோளாறு காட்டியது. ஒரே நாளில் இருபத்தேழும் கெட்டுப்போக அது என்ன கொள்ளைநோயா? இப்படி ஊர்ப்பட்ட கோளாறு காட்டினால் ஒன்றையும் நம்பக் கூடாது. முதலில் பேட்டரி, அடுத்து எர்த் வயர், அதற்கடுத்து ஈரம். பேட்டரி நன்றாக இருந்தது. எர்த்தும் இறுக்கமாக இருந்தது. காரைப் பூட்டி, சும்மா நிற்கும்போது எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று மீட்டர் வைத்துப் பார்த்தேன். நாலு ஆம்பியர். விடிவதற்குள் பேட்டரி சாகாமல் என்ன செய்யும்? ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். பதினேழாவதைப் பிடுங்கியதும் மீட்டர் இறங்கியது. லைட், ஹார்ன், வைப்பர், கதவுப் பூட்டு எல்லாவற்றையும் ஆட்டிவைக்கிற பெட்டியின் ஃபியூஸ் அது. பெட்டி இருப்பது இடதுபக்க சீட்டின் காலடியில். அங்கே கம்பளத்தைக் கைவைத்து அமுக்கினேன், தண்ணீர் பொங்கி வந்தது.

ஈரம் இருக்கிறது, சரி. எப்படி வந்தது? பம்பால் அடித்திருந்தால் பானெட்டுக்குள் அடையாளம் இருக்கும். அங்கே ஒரு வருஷத்துப் புழுதி கலையாமல் இருந்தது. ஒரு பாட்டில் தண்ணீரை முன்கண்ணாடிக்குக் கீழே ஊற்றினேன். அது வடிகுழாய் வழியாக இறங்கிச் சக்கரத்துப் பக்கம் தரையில் கொட்ட வேண்டும். ஒரு சொட்டுக்கூட வரவில்லை. கார்த்திகை மழை முழுவதும் காருக்குள்தான் போயிருக்கிறது.

வைப்பரைக் கழற்றி அடியில் இருந்த பிளாஸ்டிக் மூடியைத் தூக்கினேன். வடிகால் ஓட்டையில் மண் இறுகி அடைத்துக் கிடந்தது. மண்ணோடு மண்ணாக நைந்துபோன தாள். மூலையில் நனையாமல் ரெண்டு பொட்டலம். பிரித்துப் பார்க்க வேண்டியதே இல்லை. கோயிலுக்குப் போகிறவனோ, என்னைப்போலச் சர்ச்சுக்குப் போகிறவனோ, இந்த ஊரில் பிறந்த எவனுக்கும் கோயில் புற்றுமண் பொட்டலம் தெரியும். ஆபத்து அண்டாது என்று வாங்கி வீட்டில் வைத்துக்கொள்வார்கள். நைந்த தாளையும் சேர்த்து எண்ணினேன். ஆறு.

சை என்று ஸ்குரூடிரைவரை எறிந்தேன். யாருடைய வேலை என்று ஓரளவு புரிந்துவிட்டது.

வடிகால் மண்ணைக் கிளறி எடுத்தேன். பெட்டியைக் கழற்றிச் செவ்வாய் முழுக்க வெயிலில் காயவைத்து, பச்சை பூத்திருந்த பின்களைத் துடைத்து மாட்டினேன். புதன்கிழமை காலையில் கோமதிநாயகத்துக்குப் போன் பண்ணி வரச்சொன்னேன். தன் ஊரான திருவேங்கடத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வந்தார். மூன்று நாளில் முகம் வாடிப்போயிருந்தது. பொட்டலத்தைக் காட்டினேன்.

"இத யாரு வச்சது வே?"

"நான்தான்."

"நீரு வச்சீரு, சரி. குடுத்தது யாரு?"

தரையைப் பார்த்தார். "அம்மா." லிங்கேஷின் தாயார் சண்முகசுந்தரியைச் சொல்கிறார். "தம்பி கார எடுத்தா நூத்துநாப்பதுல போறாரு. அம்மா சொன்னா காது குடுக்க மாட்டாரு. ஆடித்தபசுத் திருவிழால இருந்து மாசாமாசம் ஒரு பொட்டலம் குடுத்து, அவன் கண்ணுல படாம வச்சிருங்கன்னு சொன்னாவ. உள்ள வச்சா தூர எறிஞ்சிருவாரு. கண்ணாடிக்குக் கீழ சந்து தெரிஞ்சுது, போட்டுட்டேன்."

"அது தண்ணி போற சந்து வே! இத அவங்கிட்ட சொல்லித் தொலைக்க வேண்டியதுதான?"

"சொன்னா அம்மாவல்லா ஏசுவாரு? முன்ன ஒரு சண்டைல ரெண்டு மாசம் அம்மாகிட்ட பேசல, வீட்டுச் சோறும் வேண்டாம்னுட்டாரு. அவங்க அழுதத நான் பாத்தேன். போகட்டும், வேற எடத்துல வண்டி ஓட்டிக்கிடுதேன்."

"அம்பத்தெட்டு வயசுல உமக்கு எவன்வே வண்டி குடுப்பான்?"

எனக்கு அவர்மேல் கோபம், அந்த அம்மாள்மேல் கோபம், அந்தப் பயல்மேல் எல்லாவற்றையும்விடக் கோபம். அலுத்துப்போய் ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

அப்போதுதான் லிங்கேஷின் பைக் வந்து நின்றது. "பாத்தாச்சா அண்ணாச்சி?" என்றான் என்னிடம்.

முப்பது வருஷத்தில் கோளாறு விஷயத்தில் நான் பொய் சொன்னதில்லை. கையில் இருந்த பொட்டலத்தைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு சொன்னேன்: "எலி. தாளும் மண்ணுமாக் கொண்டாந்து கூடு கட்டி, வடிகால அடச்சிருக்கு. மழத்தண்ணி உள்ள எறங்கிட்டு. பானெட்டுக்குள்ள யாரும் பம்பு அடிக்கல. அங்கன புழுதி அப்படியே கெடக்கு, கைய வச்சுப் பாரு."

அவன் கை வைத்துப் பார்க்கவில்லை. தன் சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டினான். அதே மாதிரி ஒரு பொட்டலம்.

"எலி இதையா கொண்டாந்துச்சு? டிரைவர் அண்ணாச்சி லீவுன்னு வீட்ல சொல்லி வச்சிருந்தேன். நிப்பாட்டிட்டேன்னு நேத்துத்தான் அம்மாவுக்குத் தெரிஞ்சுது. அழுதுக்கிட்டே எல்லாத்தையும் சொல்லிட்டாங்க."

முப்பது வருஷப் பெயர் ஒரு எலியால் போயிற்று. எனக்கு வெட்கமாக இருந்தது.

"புதுசா ஒண்ணு குடுத்து விட்டிருக்காங்க" என்றான். "எங்கன வச்சா தண்ணி அடைக்காது அண்ணாச்சி?"

"எங்கனயும் வை. மெதுவாப் போ, அது போதும்."

பொட்டலத்தை டேஷ்போர்டு டப்பாவுக்குள் வைத்தான். பிறகு இடதுபக்கக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "நான் பேசுனது தப்பு அண்ணாச்சி. ஏறுங்க, வீட்டுக்குப் போவோம்" என்றான் கோமதிநாயகத்திடம்.

அவர் அந்த சீட்டைப் பார்த்தார்.

"பானெட்டுக்குள்ள பம்ப வச்சு அடிச்சீங்களான்னு கேட்டிருந்தா இல்லன்னு சொல்லியிருப்பேன் தம்பி. நீங்க கேக்கல. அடிச்சீங்கன்னு சொன்னீங்க." "நாளைக்கு எட்டு மணிக்கு வேலைக்கு வாரேன், அம்மாட்ட சொல்லிருங்க. இன்னைக்கு நான் பஸ்ல போறேன்."

திருவேங்கடம் டவுன் பஸ் வந்துகொண்டிருந்தது. கைகாட்டி நிறுத்தி ஏறிக்கொண்டார். உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு பின்வாசல் அருகில் நின்றார்.

லிங்கேஷ் திறந்த கதவைச் சாத்திவிட்டு, பைக்கை அங்கேயே விட்டு, டிரைவர் பக்கம் போய் ஏறினான். கார் முதல் அழுத்திலேயே ஸ்டார்ட் ஆனது. அவன் வீடு ராஜபாளையம் ரோட்டில், நேர் எதிர்த் திசையில் இருக்கிறது. அவனோ பஸ்ஸுக்குப் பின்னால் திருப்பினான்.

நான் வாசலுக்கு வந்து நின்றேன். அடுத்த நிறுத்தத்தில் பஸ் நின்றது, காரும் நின்றது. ரெண்டு பேர் இறங்கி, மூட்டையை இறக்கி, பஸ் நகர்ந்ததும் காரும் நகர்ந்தது. ரோடு காலியாகத்தான் கிடந்தது. அவன் ஹார்ன் அடிக்கவில்லை, பஸ்ஸை முந்தவும் இல்லை.