குடிக்கக் கூடாத கோப்பை

ஹாஜி அபூ திரார் தூது போன வீட்டிலிருந்து வெறுங்கையோடு திரும்பியதாகக் கரக் ஊரில் யாரும் கேள்விப்பட்டதில்லை. ஊற்றிக் கொடுக்கும் முதல் காப்பியைக் குடிக்காமல் முன்னால் வைத்துவிடுவார். கேட்டது கிடைத்தால்தான் எடுப்பார். காப்பியைத் தொடாமல் விருந்தாளி எழுந்து போனால் இழுக்கு அந்த வீட்டுக்குத்தான். எப்பேர்ப்பட்ட கல்நெஞ்சக்காரனும் அந்தச் சின்னக் கோப்பைக்கு முன்னால் இளகித்தான் ஆக வேண்டும். நாயிஃப் அவர் வீட்டு வாசலில் போய்க் கெஞ்சி நின்றது அதற்காகத்தான்.

நாயிஃபின் தம்பி சுஹைப் வண்டியில் வரும்போது அபூ நவ்ஃபலின் மகள் லுஜைனை இடித்துவிட்டான். குழந்தைக்குத் தொடையெலும்பு முறிந்துவிட்டது. சுஹைப் காவலில் இருக்கிறான். பெண்ணைப் பெற்றவர் மன்னித்தால்தான் அவன் வீடு திரும்ப வழி பிறக்கும்.

அவ்வளவுதான் என்றால் நாயிஃப் இப்படிப் பயந்திருக்க மாட்டான். இடித்த நேரத்தில் தம்பி கையில் அடித்த ஃபோன் நாயிஃப் போட்டது. வரும்போது ரொட்டி வாங்கி வா என்று சொல்லத்தான் கூப்பிட்டான். இதைப் பெண்டாட்டியிடம்கூட அவன் சொல்லவில்லை. இடித்தவன் வீட்டார் இந்த மாதிரி சபையில் தலை குனிந்து உட்கார்ந்தால் போதும், பேச வேண்டியதில்லை. அந்த வழக்கம்தான் அவனுக்கு ஒரே தைரியம். அதையும் தைரியம் என்று சொல்லிக்கொண்டான், பாவம்.

அபூ நவ்ஃபல் வீட்டுக் கூடத்தில் சுவரோரமாக ஊர்ப் பெரிய மனிதர்கள் நிறைந்திருந்தார்கள். காப்பி வந்தது. ஹாஜி கோப்பையை வாங்கி முறைப்படி முன்னால் வைத்தார். நாயிஃபுக்கு மூச்சு வந்தது. ஹாஜி இறைவனைப் புகழ்ந்தார், அந்தக் குடும்பத்தின் பெருமையைச் சொன்னார், அவர்களுடைய முப்பாட்டனார் வரைக்கும் போனார். சர்க்கரை வியாதிக்காரர் வேறு. நாக்கு வறண்டு ஒட்டிக்கொண்டது. பேச்சு சுவாரசியத்தில் கை தானாகக் கீழே போயிற்று. கோப்பையை எடுத்து ஒரே வாயில் குடித்துவிட்டு, போதும் என்பதற்கு வழக்கம்போல ஆட்டியும் காட்டிவிட்டார்.

ஹாஜி தன் கையிலிருந்த காலிக் கோப்பையைப் பார்த்தார். அவர் முகம் சுண்டிப்போயிற்று.

"காப்பி நல்லாருந்துச்சா ஹாஜி?" என்றார் அபூ நவ்ஃபல். "குடிச்சிட்டீங்க. இனிமே எங்கிட்ட கேக்க உங்களுக்கு ஒண்ணும் இல்ல. இருந்து சாப்பிட்டுட்டுப் போங்க."

இந்தக் கூட்டம் இப்படியே கலைந்தால் சுஹைப் கதி அதோ கதி. எப்படி எழுந்தான் என்று அவனுக்கே தெரியவில்லை, எழுந்து நின்றுவிட்டான். பக்கத்திலிருந்தவர் சட்டையைப் பிடித்து இழுத்த கையையும் உதறினான்.

"நாந்தாங்க அவனுக்கு ஃபோன் பண்ணேன்," என்றான். "ரொட்டி வாங்கிட்டு வரச் சொல்ல. அவன் எம்பேரப் பாத்துக் குனிஞ்சிருப்பான். உங்க பொண்ணு கால் ஒடிஞ்சது என்னாலதான்."

ஊர்ப் பெரியவர்கள் நாயிஃபை, கேடுகெட்டவனே என்பது போலப் பார்த்தார்கள். அபூ நவ்ஃபல் மட்டும் அப்படிப் பார்க்கவில்லை.

"உன் தம்பிய ஸ்டேஷன்ல பாத்தேன்," என்றார் அவர். "யாருடா உனக்கு ஃபோன் பண்ணதுன்னு கேட்டேன். சொல்லல. அறைஞ்சேன். அப்பவும் சொல்லல."

நாயிஃபுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அபூ நவ்ஃபல் சைகை காட்டினார். புதிதாக ஒரு கோப்பை நாயிஃபின் கைக்கு வந்தது. அவன் அதைக் குடிக்காமல் கீழே வைத்தான். விரிப்பில் கொஞ்சம் சிந்தியது.

"இப்ப கேளு."

"அவன மன்னிச்சு விட்டுருங்க."

"அவன மன்னிச்சாச்சு. நாளைக்கு நானே போய்க் கையெழுத்துப் போடறேன். உனக்குத்தான் வேலை இருக்கு. அவன் வாங்காத ரொட்டிய தினம் காலைல நீ வாங்கிட்டு வா. எம்பொண்ணு எந்திரிச்சு நடக்கற வரைக்கும். யார்கிட்டயும் குடுத்து அனுப்பாத, அவ கையில குடு. எதுக்குன்னு கேப்பா. நீயே சொல்லு. ம், குடி."

நாயிஃப் குடித்தான். கசந்தது. அந்தக் குழந்தையின் முகம்கூட அவனுக்குத் தெரியாது. போதும் என்று கோப்பையை ஆட்ட வேண்டும் என்பதே அவனுக்கு மறந்துபோயிற்று. காப்பி ஊற்றுகிறவர் குனிந்து மறுபடியும் ஊற்றினார்.