பனிமூட்டத்தில் கிடைத்த இரண்டு இடங்கள்

பெர்கனுக்கு வந்து இறங்கிய அன்றே தூருன் ஆரம்பித்துவிட்டாள். "இருபது வருஷமா இந்த ஊர்ல குப்பை கொட்டுற. ஒரு ஓட்டல்ல ரெண்டு சீட் பிடிக்கத் துப்பில்லையாடி உனக்கு?"

அக்காவின் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு அங்கேதான் சாப்பாடு என்று முந்திரிக்கொட்டைத்தனமாக வாக்குக் கொடுத்தது தங்கை இங்வில்ட்தான். மீன் சந்தைக்குப் பின்னால் இருந்த அந்த உணவகத்தில் பதினெட்டுப் பேர்தான் உட்காரலாம். மாதத்துக்கு ஒருமுறை இணையத்தில் முன்பதிவு திறக்கும். கையிலிருக்கும் காபி ஆறுவதற்குள் எல்லாம் தீர்ந்துவிடும். கோடை முழுக்க முயன்று தோற்றிருந்தாள்.

சனிக்கிழமை அவள் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வந்த பெரியவர் ஒருவர் புலம்பினார். "ஏர்போர்ட்ல ஒண்ணும் இறங்கல. ஒரே மூட்டம். பையன் வந்த விமானத்தை ஸ்டவாங்கருக்குத் திருப்பி விட்டுட்டாங்க."

அவர் காதுக்குப் பின்னால் சட்டத்தைச் சரிசெய்துகொண்டிருந்த இங்வில்டின் கை நின்றது. அந்த உணவகத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் ஒஸ்லோவிலிருந்து பறந்து வருகிறவர்கள் அல்லவா?

போன் செய்தால் இயந்திரம்தான் பேசும். கடை சாத்தியதும் நேரே நடந்துபோய், உணவக வாசலில் நின்றாள். மேசைகளைப் பார்த்துக்கொள்ளும் மாரென் என்ற பெண் எட்டிப் பார்த்தாள்.

"புக்கிங் இருக்கா?"

"இல்ல. ஆனா விமானம் இறங்கலையாம். யாராவது வரலேன்னா சொல்லுங்க, இங்கயே நிக்கிறேன்."

மாரென் சிரித்துவிட்டு உள்ளே போனாள். நெடுநேரம் கழித்துத் திரும்பி வந்தாள். "ஒஸ்லோக்காரங்க ரெண்டு பேர் இப்பதான் வரலேன்னு சொன்னாங்க. உடனே உட்காரணும். முடியுமா?"

இங்வில்ட் போனில் கூப்பிட்டதும் தூருன் கம்பளிச் சட்டையும் ரப்பர் பூட்ஸுமாக ஓடி வந்தாள். "இதுக்கு இப்படி ஓட வைக்கணுமா?" என்று மூச்சு வாங்கினாள். முதல் தட்டில் ஒரே ஒரு சிப்பி இருந்தது. "மீதி எங்க?" என்று தங்கையின் காதில் கேட்டாள்.

இரண்டாவது தட்டு வந்தபோது கதவு திறந்தது. கையில் பெட்டியோடு ஒரு வயதான தம்பதி; வரவில்லை என்று சொல்லியிருந்த அதே ஒஸ்லோக்காரர்கள். மூட்டம் விலகி, விமானம் எப்படியோ இறங்கிவிட்டதாம். மாரென் முகம் வெளுத்துப்போய் அவர்களிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னாள். அந்த அம்மாள் தலையாட்டியபடி கணவரின் கையைப் பிடித்து வாசல் பக்கம் திருப்பினாள்.

இங்வில்ட் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "அக்கா, எழுந்திருச்சிடலாமா?"

"எதுக்கு? வரலேன்னு அவங்கதானே சொன்னாங்க? நான் எழுந்திருக்க மாட்டேன்." சொல்லிவிட்டுத் தூருன் பெஞ்சில் நகர்ந்தாள். "ஆனா தள்ளி உட்காருவேன். ஏம்மா, இப்படி வாங்க. நாலு பேர் தாராளமா உட்காரலாம்."

சமையல்காரர் வெளியே வந்து பார்த்தார். இரண்டு பேருக்கான பொருள்தான் மிச்சமிருக்கிறது, பங்குபோட்டுத்தான் தர முடியும் என்றார். அதற்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை. தூருன் தன் நண்டை வெட்டிப் பாதியை அந்த அம்மாளின் தட்டில் வைத்தாள். "கொறைஞ்சுடும்னு பயப்படாதீங்க. முழுசா இருந்தாலும் இவ்வளவுதான்." அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

வெளியே வந்தபோது நால்வருக்கும் பசி அடங்கவில்லை. முனைக் கடையில் ஆளுக்கொரு சாசேஜ் வாங்கி நின்றபடியே தின்றார்கள். ஒஸ்லோக்காரர் கடுகுச் சாந்தை மேல்சட்டையில் சிந்திக்கொண்டார்.

வீட்டுக்கு மேடேறும்போது தூருன் சொன்னாள். "அந்த நண்டு நல்லாத்தான் இருந்துச்சு."

இங்வில்ட் காத்திருந்தாள்.

"நீ வாசல்ல போய் நின்னதும் சரிதான்," என்றாள் தூருன். "நானா இருந்தா வெக்கப்பட்டுட்டு வீட்டுக்கு வந்திருப்பேன்."