வாய்க்கால் கரையில் விட்ட பாம்பு

ஸ்ரீவைகுண்டம் பக்கம் ஒரு வீட்டில் பாம்பு பிடித்தால் அது பாபநாசத்துக்குப் போயாக வேண்டும். மலையடிவாரத்தில் அதை விடுகிற படம் வாட்ஸ்அப்பில் வந்து சேரும்வரை வீட்டுக்காரர்களுக்குச் சோறு இறங்காது. படத்தில் பாம்பு தெரியாவிட்டாலும் பரவாயில்லை, மலை தெரிய வேண்டும். சங்கர் பல வருடங்களாக இந்த வேலையைச் செய்துவந்தான். பிடித்த பாம்பைப் பையில் கட்டி, பைக்கில் ஆற்றோரமாகவே மேற்கே போவான். நல்ல மனுஷன். தன் கண்முன்னால் ஒரு பாம்பைக்கூட அடிக்கவிட்டதில்லை.

வேணி ஊர்வன ஆராய்ச்சியாளர். வனத்துறை அனுமதியோடு, சங்கர் பிடித்துக் கொடுத்த நல்ல பாம்புகள் சிலவற்றின் உடம்புக்குள் சின்ன ரேடியோ கருவியை வைத்துத் தைத்து, பாபநாசத்தில் விட்டு, அவற்றின் பின்னாலேயே திரிந்தாள். கையில் ஆன்டெனாவைத் தூக்கிக்கொண்டு அவள் அலைவதைப் பார்த்து, அருவிக்கு வந்தவர்கள் "டவர் கிடைக்கலையாம்மா?" என்று அக்கறையாக விசாரித்தார்கள். பாம்புகள் ஓரிடத்தில் தங்கவில்லை. பொந்து எங்கே, இரை எங்கே என்று தெரியாமல் நகர்ந்துகொண்டே இருந்தன. ஒன்று லாரிச் சக்கரத்தில் போனது. ஒன்றைக் கீரி தின்றது. மற்றவை மெலிந்து மெலிந்து செத்தன. ஒப்பிட்டுப் பார்க்க, வாழைத்தோட்டத்தில் பிடித்த சிலவற்றை அதே கருவியோடு அங்கேயே விட்டிருந்தாள். அவை மட்டும் எலி தின்று கொழுத்துக் கிடந்தன.

இதைச் சங்கரிடம் சொன்னபோது அவன் முகம் செத்துவிட்டது.

"அப்பம் நான் இத்தன வருசமா சாகடிக்கத்தான் கொண்டு போனேனா மேடம்?"

வேறு யாராவதாக இருந்தால் மழுப்பியிருப்பார்கள். வேணிக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. "ஆமா அண்ணே" என்றாள்.

கொஞ்ச நாள் அவன் போனை எடுக்கவில்லை. பிறகு அவனே வந்தான்.

"நீங்க சொல்லுதது சரியாவே இருக்கட்டும். வீட்டுக்காரங்ககிட்ட என்னத்தச் சொல்லட்டும்? பிடிச்ச பாம்பப் பின்னாலயே விடுதேன்னா, அடுத்த தடவ என்னக் கூப்பிடவே மாட்டாங்க. கம்பு எடுத்து அடிச்சுப் போட்டுருவாங்க."

சிக்கல் அதுதான். ஆற்றங்கரை ஊர்களில் பாம்பு பிடிக்கிற அத்தனை பேரும் சங்கரைப் பார்த்துத்தான் செய்வார்கள். அவன் மாறாவிட்டால் வேணியின் உழைப்பு ஆங்கிலத்தில் ஒரு கட்டுரையாக அச்சாகும். பாம்புகள் வழக்கம்போல பாபநாசம் போய்ச் சாகும்.

இப்படி இருக்கையில், ஆழ்வார்திருநகரியில் வேணியின் அம்மா வீட்டுக் கொல்லையில், தேங்காய் மட்டைக் குவியலில் நல்ல பாம்பு புகுந்தது. அம்மா பாலம்மாள், ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர், மகளைக் கூப்பிடாமல் சங்கரைக் கூப்பிட்டாள். மகள் வந்தால் பாம்பு பக்கம் பேசுவாள் என்று அவளுக்குத் தெரியும். அக்கா காந்திமதி வேறு, பிள்ளை பெற்றபின் முதல்முறையாகப் புனேயிலிருந்து வந்திருந்தாள். பிள்ளை தவழ ஆரம்பித்திருந்தது. சங்கர்தான் வேணிக்குத் தகவல் சொன்னான்.

அவள் போய்ச் சேர்ந்தபோது பாம்பு பைக்குள் இருந்தது.

"சொல்லுங்க மேடம். எங்கன விடட்டும்?"

அவன் குரலில் கேலி இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். அக்கா இடுப்பிலிருந்த பிள்ளை அந்தப் பையைப் பிடிக்கக் கையை நீட்டியது. வேணிக்குப் பாபநாசம் என்று சொல்லத்தான் வாய் வந்தது.

"தோட்டம் தாண்டி, வாய்க்கால் கரையில விடுங்க அண்ணே."

"ஏட்டி, என்ன சொல்லுத நீ? பிள்ள தவழுத வீடுட்டி!" என்றாள் காந்திமதி.

"இதக் கொண்டு போனாலும், எலி இருந்தா இன்னொண்ணு வரும்க்கா. மட்டைய அள்ளிட்டு, செவுத்து ஓட்டைய அடைச்சா..."

"இது திரும்ப வராதுன்னு எழுதித் தருவியா?"

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். "வராதுன்னு சொல்ல முடியாதுக்கா. வாய்ப்பு கம்மி" என்றாள்.

"ஒனக்கு அக்கா பிள்ளையவிட பாம்பு பெரிசாப் போச்சு, என்னட்டி?" என்று பாலம்மாள் உள்ளே போய்விட்டாள்.

பாம்பு வாய்க்கால் கரைப் புல்லுக்குள் அவசரமில்லாமல் போனது. காந்திமதி அன்று சாயங்காலமே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தென்காசியில் மாமியார் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். வேணி தனியாக மட்டைகளை அப்புறப்படுத்தினாள், எலிப்பொறி வைத்தாள், சுவர் ஓட்டைகளைச் சிமென்ட் பூசி அடைத்தாள். சிமென்ட் குழைக்கும்போது அழுகை வந்தது. பயமாகவும் இருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக அவளுக்கு ஒரு பாம்பின்மேல் பயம்.

அடுத்த வாரம் சங்கர் போன் செய்தான்.

"ஸ்ரீவைகுண்டத்துல ஒரு கண்ணாடி விரியன் மேடம். பக்கத்து உடங்காட்டு முள்ளுக்குள்ளயே விட்டாச்சு."

"வீட்டுல ஒத்துக்கிட்டாங்களா?"

"மொதல்ல எங்க ஒத்துக்கிட்டாங்க? சண்டைக்கு வந்தாங்க. உங்க வீட்டுல நடந்ததச் சொன்னேன். கூடப்பொறந்த அக்கா கோவிச்சுக்கிட்டுப் பிள்ளையோட போனாலும் போகட்டும்னு, எங்க மேடம் பாம்ப அங்கனயே விடச் சொன்னாங்கன்னேன். பொறவு சரின்னுட்டாங்க." கொஞ்சம் தயங்கினான். "சொன்னது தப்பில்லையே மேடம்?"



"தப்பில்ல அண்ணே. எல்லா வீட்டுலயும் சொல்லுங்க."

போனை வைத்துவிட்டு அக்காவை அழைத்தாள். மணி முழுக்க அடித்து நின்றது.