காவல்காரன் சாப்பிட்டானா

போத்தனூரில் அந்த வீட்டு மாடிப்படி ஏறுவதற்குள் லோகப்பிரியா இரண்டு தடவை திரும்பிப் போய்விடப் பார்த்தாள். கையில் ஒரு பை ஆரஞ்சு. முதன்முதலாக ஒரு வீட்டுக்கு வெறுங்கையோடு போவதா? நாற்பத்து மூன்று வயதில் இதென்ன கூத்து என்று புருஷன் கதிர்வேல் கேட்பார். அதனால்தான் அவரிடம் சிநேகிதி வீட்டுக்கு என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

மகள் கனிஷ்கா ஹாஸ்டலுக்குப் போனபின் ஊருக்கு அந்தப் பக்கம் கணபதியில் இருக்கிற அவர்கள் வீட்டில் பேச்சே இல்லை. பட்டறையிலிருந்து வருகிற கதிர்வேல் சாப்பிட்டதும் படுத்துவிடுவார். காய் நறுக்கும்போது போனில் பார்க்க ஆரம்பித்ததுதான் இந்த விளையாட்டு. மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு வேஷம் ஏற்று, வாயாலேயே கதையை நடத்தி, பகடை உருட்டி முடிவு பார்க்கிறார்கள். பைத்தியமே பிடித்துவிட்டது. கோயமுத்தூரில் ஆள் சேர்க்கிற குழுக்களைத் தேடி எழுதினாள். ஒன்றில் வயதைக் கேட்டதோடு சரி, சத்தமே இல்லை. இன்னொன்றில், 'சாரி ஆன்ட்டி, நாங்க எல்லாம் ஸ்டூடண்ட்ஸ்.' இது மூன்றாவது. இதைவிட்டால் வேறு கிடையாது. கதை நடத்துகிற ஜேக், "ஒரு நாள் ஆடிப் பாருங்கக்கா. செட்டாச்சுன்னா சேத்துக்கலாம்" என்றிருந்தான்.

மாடியில் ஜேக், அவன் அக்கா ஷைலா, கல்லூரிப் பெண் மௌனிகா. ஆரஞ்சைப் பார்த்ததும் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். போச்சு, பொண்ணு பார்க்க வந்த மாதிரி ஆகிவிட்டது!

லோகப்பிரியாவுக்கு வில்லாளி வேஷம். ஆட்டம் தொடங்கி வெகுநேரமாகியும் "சரிங்க" என்பதைத் தவிர வாயில் ஒன்றும் வரவில்லை. ஷைலா கடிகாரத்தைப் பார்த்தாள். தன்னை எப்போது அனுப்புவது என்றுதான் பார்க்கிறாள் என்று தோன்றியது.

கதையில் கோட்டை வாசல் வந்தது. காவல்காரன் ஈட்டியோடு நின்றான்.

"அடிச்சுப்போடலாம்" என்றாள் மௌனிகா. சுவரேறிக் குதிக்கலாம் என்றாள் ஷைலா. அதற்குள் ஜேக் காவல்காரனாகவே மாறி, லோகப்பிரியா பக்கம் திரும்பிக் கட்டைக் குரலில் அதட்டினான்.

"யாரது? நில்லு!"

யோசித்து வைத்திருந்த வீரவசனமெல்லாம் எங்கோ ஓடிப்போனது. வாய் தன்பாட்டுக்குப் பேசியது.

"ஏனுங்க... சாப்ட்டீங்களா?"

மௌனிகா மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள். ஷைலாவுக்கும் அடக்க முடியவில்லை. லோகப்பிரியாவுக்குக் காதெல்லாம் எரிந்தது. வில்லைத் தூக்கிக்கொண்டு வந்தவள் கேட்கிற கேள்வியா இது! கை தானாகவே கைப்பையைத் தேடியது.

ஜேக் சிரிக்கவில்லை. ஈட்டி பிடித்த பாவனையில் இருந்த கையை மெல்ல இறக்கினான்.

"காத்தாலருந்து ஒருத்தரும் கேக்கலைங்க, அம்மணி" என்றான், அதே கட்டைக் குரலில்.

தன்னையும்தான் யார் கேட்டார்கள் என்று நினைத்தவள், கைப்பையிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

"பகடையப் போடுங்கக்கா" என்றான் ஜேக், இப்போது சொந்தக் குரலில். "பதினஞ்சுக்கு மேல உழுந்தா கதவத் தொறந்துருவான்."

எடுத்து வீசினாள். இருபது முகப் பகடை மேஜையிலிருந்து துள்ளிக் கட்டிலுக்கடியில் ஓடியது.

"ஐயோ, மன்னிச்சுக்கங்க, எடுத்துத் தாரேன்..."

"தொடாதீங்கக்கா! உழுந்த மாதிரியே பாக்கோணும்" என்று மௌனிகா கத்தினாள். மூவரும் தரையில் குப்புறப் படுத்து, போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தார்கள். ஒருவரும் எண்ணைச் சொல்லவில்லை.

"நீங்களே வந்து பாருங்கக்கா" என்று ஷைலா நகர்ந்து நடுவில் இடம் விட்டாள்.

லோகப்பிரியா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, தூசித் தரையில் கன்னம் பட, அவர்களுக்கு நடுவில் படுத்தாள்.